சிவனே என்று இருத்தல்

நாரதரின் எண்ணெய்க் கிண்ணக் கதையை நம்மில் பலர் பள்ளிக்கூட நீதிபோதனை வகுப்பிலேயே கேட்டிருப்போம். தன்னைவிடப் பெரிய பக்தன் உண்டா என்று கேட்கிறார் நாரதர். நாராயணன் ஓர் ஏழைக் குடியானவனைக் காட்டுகிறார். அவன் எழும்போது ஒரு முறையும் படுக்கும்போது ஒரு முறையும் பெயரைச் சொல்கிறான், அவ்வளவுதான். நாரதருக்கு மனம் ஒப்பவில்லை. விளிம்பு வரை எண்ணெய் நிரப்பிய கிண்ணம் ஒன்றை அவர் கையில் கொடுத்து, ஒரு சொட்டும் சிந்தாமல் சுற்றி வரச் சொல்கிறார் நாராயணன். சுற்றி வந்தவரிடம் கேட்கிறார்: எத்தனை தடவை என்னை நினைத்தாய்? எங்கே நினைப்பது, கண்ணெல்லாம் எண்ணெய் மேல்தான் இருந்தது என்கிறார் நாரதர். குடும்ப பாரத்தைச் சுமந்துகொண்டே இரண்டு முறை நினைக்கிறவன்தான் பெரியவன் என்று கதை முடிகிறது. கதை பலவிதமாகச் சொல்லப்படுகிறது, சாரம் இதுதான்.

பக்தி இலக்கியத் தாள் நடத்தும்போது இதைச் சொன்னேன். காலையில் சோறு வடித்து, தம்பிக்கு டிபன் கட்டிவிட்டு, இரண்டு பேருந்து மாறி வருகிற மாணவி ஒருத்தி கேட்டாள்: “அந்தக் குடியானவன் பொண்டாட்டி எத்தனை தடவம்மா நெனச்சிருப்பா?” வகுப்பு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை.

அந்தக் கேள்வியோடு கதையைத் திரும்பப் படித்தால், உபன்யாசங்களில் நழுவிப்போகும் ஒன்று தெரிகிறது. எண்ணெய் சிந்தக்கூடாது என்று கண் வைத்திருப்பவரால் கடவுளை நினைக்க முடியாது என்பதைக் கடவுளே ஒப்புக்கொள்கிற கதை இது. நாரதரை அவர் கடிந்துகொள்வதில்லை. கிண்ணம் கையில் இருக்கும்வரை மனசு கிண்ணத்தில்தான் இருக்கும் என்பதுதான் அந்தச் சோதனையின் முடிவே. குடியானவன் எப்போது நினைக்கிறான்? கிண்ணத்தை இன்னும் எடுக்காதபோதும், எடுத்ததை இறக்கி வைத்த பிறகும். அவனுக்கு நாளில் இரண்டு ஓரங்கள் இருக்கின்றன. அவன் மனைவிக்கு ஓரம் ஏது? கண் திறக்கும்போதே மாவு பொங்கியிருக்குமா என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தலை சாய்க்கும்போது நாளைக்கு என்ன குழம்பு என்பது கூடவே வந்து படுக்கிறது.

எண்களிலும் இதைப் பார்க்கலாம். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் ஒரு நாளில் அதற்குச் செலவிட்ட நேரம் 299 நிமிடம். ஈடுபடும் ஆண் செலவிட்டது 97 நிமிடம். ‘ஈடுபடும்’ என்ற சொல்லை மறந்துவிட வேண்டாம். பெண்களில் 100க்கு 81 பேர் ஈடுபட்டார்கள், ஆண்களில் 26 பேர். 2024 கணக்கெடுப்பில் அந்த நிமிடங்கள் 289 என்றும் 88 என்றும் ஆகியிருக்கின்றன. பெண்ணுக்குப் பத்து நிமிடம் குறைந்திருக்கிறது. ஆணுக்கும் ஒன்பது நிமிடம் குறைந்துவிட்டது.

ஆனால் நிமிடம் இங்கே முழுக் கணக்கு ஆகாது. பாத்திரம் துலக்குவதற்குப் பதினைந்து நிமிடம் என்று எழுதிவிடலாம். சிலிண்டர் எப்போது தீரும், மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை எத்தனை பாக்கி, மேகம் கறுக்கிறதே கொடியில் துணி கிடக்கிறதே, பிள்ளைக்கு நாளை வெள்ளைச் சட்டை நாளா என்று ஓடிக்கொண்டே இருப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? கை ஓய்ந்த பிறகும் இது ஓய்வதில்லை. கடவுளை நினைப்பதற்கு வேண்டியது இதே மனசுதான். ‘வேலை செய்யும்போதே நினைக்கலாமே, கைக்குத்தானே வேலை’ என்று அறிவுரை சொல்கிறவர்கள், வீட்டு வேலை கையால் மட்டும் ஆகிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

நம் மொழிக்கு இது தெரியும். ஒரு வேலையும் இல்லாமல், எதிலும் தலையிடாமல் இருப்பதற்குத் தமிழில் என்ன பெயர்? ‘சிவனேன்னு இருக்கிறது.’ கடவுளின் பெயரை ஓய்வுக்குப் பெயராக வைத்திருக்கிறோம். ‘அவன் பாட்டுக்குச் சிவனேன்னு கிடக்கான்’ என்று ஆணைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறேன். பெண்கள் வாயில் இதே தொடர் எதிர்மறையாகத்தான் வரும்: ‘செத்த நேரம் சிவனேன்னு உக்கார முடியுதா இந்த வீட்டுல?’ பெண்களுக்கு வாய்த்திருப்பது வேறொரு வடிவம். குடத்தை இடுப்பில் ஏற்றும்போது ‘முருகா’. முழங்கால் பிடிக்க எழும்போது ‘ஈஸ்வரா’. பால் பொங்கிவிட்டால் ‘கடவுளே’. தொல்காப்பியர் பெயரை அழைக்கும் வேற்றுமைக்கு விளிமரபு என்று ஓர் இயலையே ஒதுக்கினார். நம் அம்மாக்களின் ஆன்மிகம் பெரும்பாலும் அந்த எட்டாம் வேற்றுமைக்குள் முடிந்துவிட்டது. அழைப்பார்கள், அழைத்த பிறகு சொல்ல வந்ததைச் சொல்ல நேரம் இருக்காது. இதைக் குறைவாகச் சொல்லவில்லை. மூச்சுவிடும் இடைவெளியில் அழைக்க முடிந்ததே அவர்களின் திறமை. திறமையைப் பாராட்டுகிற சாக்கில் இடைவெளி அவ்வளவு சிறியது ஏன் என்று கேட்காமல் இருக்க முடியாது, அவ்வளவுதான்.

வேலைக்கு நடுவே இறைநினைப்பு என்று போதிக்க வந்த ஆண்கள் உதாரணத்துக்கு எங்கே போனார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ராமகிருஷ்ண பரமஹம்சர் அடிக்கடி சொன்ன உவமை ஒன்று உண்டு. அவல் இடிக்கும் பெண் ஒரு கையால் நெல்லைப் புரட்டிவிடுகிறாள். மறு கையில் குழந்தை பால் குடிக்கிறது. வாங்க வந்தவரிடம் விலையும் பேசுகிறாள். ஆனாலும் மனசு முழுக்க உலக்கை மேல், கையில் விழுந்துவிடக் கூடாதே என்று. இல்லறத்தான் இப்படித்தான் மனசைக் கடவுள் மேல் வைத்திருக்க வேண்டும் என்பார். இன்னொரு உவமையில் பணக்கார வீட்டு வேலைக்காரி வருகிறாள். எசமானின் பிள்ளைகளை என் பிள்ளை என்று கொஞ்சினாலும் அவள் மனசு ஊரில் இருக்கும் தன் வீட்டில்தான்.

அழகான உவமைகள். வகுப்பில் உவமை, பொருள் என்று பிரித்துக் காட்டுவது என் தொழில். அதனால் எனக்கு இங்கே ஒன்று உறுத்துகிறது. அந்தப் பெண் உவமையாக மட்டும் இருக்கிறாள். அவளைப் பார்த்துக் கடவுளை நினைக்கக் கற்றுக்கொள்கிறவர் வேறொருவர். அவளோ உலக்கையைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள், நினைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் விரல் நசுங்கும். வேலைக்காரியின் மனசு ஊரில் இருப்பதற்குக் காரணம் அவளுடைய குழந்தைகள் அங்கே இருப்பது. தத்துவத்துக்கு அவளுடைய கவனம் தேவைப்பட்டது. அந்தக் கவனம் அவளுக்கே மிஞ்சுமா என்ற கேள்வி யாருக்கும் எழவில்லை.

நம் பெரியபுராணத்திலும் இதே கதைதான். இளையான்குடி மாறனார் வீட்டுக்கு மழை இரவில் அடியார் ஒருவர் பசியோடு வருகிறார். வீட்டில் ஒரு மணி அரிசி இல்லை. பகலில் விதைத்த நெல்லைக் கூடையில் வாரிக் கொண்டுவந்தால் சமைக்கலாம் என்று யோசனை சொல்வது மனைவி. மாறனார் இருட்டில் போய் வாரி வருகிறார், விறகுக்குக் கூரைக் கொம்பைப் பிடுங்குகிறார், கீரை பறித்துத் தருகிறார். அதைப் புறக்கணிக்க மாட்டேன், பல வீடுகளில் அவ்வளவும் நடப்பதில்லை. ஆனால் சேற்று நெல்லைக் கழுவி, வறுத்து, குற்றி, உலையேற்றி, ஒரே கீரையை விதவிதமான கறியாக்கி நள்ளிரவில் படைத்தது அவர். முடிவில் சிவன் இருவருக்கும் அருள் செய்தார் என்கிறார் சேக்கிழார். அறுபத்துமூவர் பட்டியலில் இடம் ஒருவருக்குத்தான் கிடைத்தது. அந்த அம்மையாரின் பெயர்கூட நமக்குத் தெரியாது. பட்டியலில் இடம் பெற்ற மூன்று பெண்களில் தானே பாடியவர் காரைக்கால் அம்மையார் ஒருவர்தான். கணவன் விலகிப்போய், குடும்பத்துக்கான உடம்பு வேண்டாம் என்று பேயுருக் கேட்டு வாங்கிய பிறகே அவர் ஆலங்காட்டை அடைந்தார். ஆண்டாள் மனிதரை மணக்க மறுத்தாள். அக்கமகாதேவி அரண்மனையை விட்டு வெளியேறினாள். முழு நேரமும் நினைத்த பெண்கள் அடுப்பை விட்டுப் போனவர்களாகவே இருக்கிறார்கள். இது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

போகாமல் இருப்பவர்களுக்குத்தான் ‘எப்போதும் நினை’ என்ற அறிவுரை. அது ஏன் இவ்வளவு பிரபலம் என்றால், வீட்டுக்கு அதனால் ஒரு காசு நஷ்டமில்லை. தோசை வார்த்துக்கொண்டே நாமம் சொல்லலாம் என்றால் தோசை நிற்காது. ‘இப்போது நிறுத்து, பிறகு நினை’ என்று சொன்னால் யாராவது ஒருவர் தோசைக் கரண்டியைக் கையில் வாங்க வேண்டியிருக்கும்.

என்னோடு பணிபுரியும் தோழி ஐந்து வேளை தொழுகிறவர். அவர் சொன்னார்: “பாங்கு சொல்லிட்டா அடுப்பைக் குறைச்சிட்டுப் போயிருவேன். தொழுகையில நிக்கும்போது யாரும் கூப்பிட மாட்டாங்க. கூப்பிட்டாலும் நான் திரும்ப மாட்டேன்.” ஒரு நாளில் தன் பெயரை யாரும் கூப்பிடாத சில நிமிடங்கள் அவருக்கு உறுதியாக இருக்கின்றன. நேரத்தை அவர் வீட்டாரிடம் கெஞ்சி வாங்கவில்லை, அவர்களுக்கும் மேலே இருந்து வந்த உத்தரவு அது. நோன்பு மாதத்தில் சஹர் உணவுக்கு எல்லோருக்கும் முன்னால் எழுந்து சமைப்பதும் தான்தான் என்பதையும் அவரே சொல்லிச் சிரித்தார்.

ஸ்பெயின் நாட்டுத் துறவி அவிலாவின் தெரேசா (1515–1582) சமையற்கட்டிலும் இறைவன் உண்டு என்று தன் கன்னியருக்குச் சொன்னதைப் பிரசங்கங்களில் இல்லத்தரசிகளுக்கு எடுத்துச் சொல்வார்கள். அதே தெரேசா தன் மடங்களுக்கு எழுதிய விதிகளில், கூட்டிப் பெருக்கும் முறைப்பட்டியல் மடத்தலைவியின் பெயரிலிருந்து தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறார். தலைவி முதலில் துடைப்பம் எடுக்கிற வீட்டில், பாத்திரங்களுக்கு நடுவே கடவுளைத் தேடு என்பதற்கு வேறு அர்த்தம். இந்த இரண்டாவது செய்தியை நான் எந்தப் பிரசங்கத்திலும் கேட்டதில்லை.

தீட்டு நாட்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். ‘சதா நினை’ என்கிற அதே வாய்தான் மாதத்தில் சில நாள் ‘விளக்குப் பக்கம் போகாதே’ என்கிறது. நினைப்பு நல்லது, பெண் தொட்டால் மட்டும் கெட்டது. தீட்டில்லாத உடம்பு எங்கே இருக்கிறது என்று பதினான்காம் நூற்றாண்டிலேயே கேட்டுவிட்டாள் மகாராஷ்டிரத்தின் தலித் கவி சோயராபாய். அவளுக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

வகுப்பில் இன்னொருத்தி, பெரியாரைப் படித்த வீட்டிலிருந்து வருகிறவள், எழுந்து சொன்னாள்: “சாமியே இல்லேன்னு முடிவு பண்ணிட்டா இந்தப் பிரச்சினையே இல்லையேம்மா.” நியாயமான பேச்சு. அவள் வீட்டில் தோழர்கள் கூடும்போது அம்மா எங்கே இருப்பார் என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்து, “உள்ளே டீ போட்டுட்டு இருப்பாங்க” என்றாள். கடவுளை வெளியே அனுப்பிய வீடுகளிலும் அடுப்பு வெளியே போகவில்லை. ஆகவே நம்பிக்கை இல்லாதவர்களும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. கடவுள் இருக்கும் இடத்தில் புத்தகத்தை வையுங்கள், அரசியலை வையுங்கள். நான் கவிதையை வைத்துப் பார்த்திருக்கிறேன். குக்கர் மூன்றாவது விசிலுக்கும் நான்காவது விசிலுக்கும் நடுவில் வந்து, விசிலோடு போன வரிகள் எத்தனையோ. கடவுளுக்கு வேண்டிய அதே இடம்தான் கவிதைக்கும் வேண்டியிருக்கிறது. ஒரு பெண்ணின் மனசுக்குள் அவளுக்கென்று ஒரு முழம் இடம் உண்டா என்பதுதான் நம் இருவருக்கும் பொதுவான வழக்கு என்று அவளிடம் சொன்னேன்.

பெண்கள் தாங்களே இதை எப்படிக் கற்பனை செய்திருக்கிறார்கள் என்று தேடினால் எனக்கு முதலில் கிடைப்பது ஜனாபாய். பக்தவிஜயக் கதைகள் வழியாகத் தமிழர்களுக்கும் தெரிந்தவள். பண்டரிபுரத்தில் நாமதேவர் வீட்டு வேலைக்காரி, ஒடுக்கப்பட்ட சாதியில் பிறந்தவள், தன்னை நாமதேவரின் தாசி என்றே பாடலில் சொல்லிக்கொண்டவள். அவள் பெயரில் வழங்கும் பாடல்களில் விட்டலன் அவளோடு மாவு திரிக்கிறான், வாசல் கூட்டுகிறான், சாணி பொறுக்குகிறான், அவள் தலையை வாரிப் பேன் பார்க்கிறான். வேலை செய்துகொண்டே கடவுளை நினைத்தாள் என்று இதைச் சுருக்கிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தெரியவில்லை. திரிகையைச் சுற்றியவர்களுக்குத் தெரியும், அது இரண்டு பேர் எதிரெதிரே காலை நீட்டி உட்கார்ந்து ஒரே பிடியைப் பிடித்துச் சுற்ற வேண்டியது. தனியாகச் சுற்றினால் தோள் போய்விடும். ஜனாபாய்க்கு எதிரே அந்த இடம் காலியாக இருந்தது. அங்கேதான் அவள் கடவுளை உட்கார வைத்தாள். நினைப்பதற்கு ஒரு கடவுளை அவள் கேட்கவில்லை, பிடியின் மறுபக்கத்தைப் பிடிக்க ஒருவனைக் கேட்டாள்.

மதுரைக்காரர்களுக்கு வந்தி கிழவியைச் சொல்ல வேண்டியதில்லை. வைகை உடைப்பெடுக்க, வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை அடைக்க வேண்டும் என்று பாண்டியன் ஆணையிடுகிறான். வந்திக்கு யாருமில்லை. பிட்டு அவித்து விற்றால்தான் அன்றைய சாப்பாடு. அடுப்பையும் விட முடியாது, ஆற்றங்கரைக்கும் போக வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கச் சொல்லும் இந்த நெருக்கடி நமக்குப் புதிதா என்ன? சிவன் கூலியாளாக வருகிறார், உதிர்ந்த பிட்டு கூலி. வந்தவர் வேலையை ஒழுங்காகச் செய்தாரா என்றால் இல்லை. ஆடுகிறார், பாடுகிறார், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறார். வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொள்கிறேன் என்று முதல் நாள் இறங்கும் ஆண்களை எனக்கு இந்த இடம் எப்போதும் நினைவூட்டும். ஆனால் பிரம்படி அவர் முதுகில் விழுந்தபோது அது எல்லோர் முதுகிலும் விழுந்தது, பாண்டியன் முதுகிலும்.

ஜனாபாய் கதையைவிட இதை நான் மேலாக நினைப்பதற்கு அந்தப் பிரம்படிதான் காரணம். காலி இடத்தில் கடவுள் வந்து உட்கார்ந்துவிட்டால், அங்கே வந்திருக்க வேண்டிய மனிதர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள். நாமதேவர் வீட்டில் வேறு யாரும் திரிகைக்கு வந்ததாகப் பாடல்கள் சொல்வதில்லை. தனியாக நிற்கும் கிழவிக்கும் ஒரு பங்கு கரை என்று கணக்குப் போட்டவனை மதுரைக் கதை அப்படி விட்டுவிடவில்லை. அவனுக்கும் வலித்தது.

நாம் இருப்பதோ சிவன் கூலிக்கு வராத தெருக்களில். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார், அங்கன்வாடிப் பணியாளர். அவருடைய வீட்டில் உள்ளிருந்து தாழ்ப்பாள் போடக்கூடிய இடம் குளியலறையை விட்டால் பூசையறைதான். பல வீடுகளில் அப்படித்தான், ஒரு பெண் கதவைச் சாத்திக்கொண்டால் யாரும் கோபப்படாத ஒரே இடம் அது. அங்கே அவள் உண்மையில் சாமிதான் கும்பிடுகிறாளா என்று யாரும் விசாரிப்பதில்லை, விசாரிக்கவும் வேண்டாம். சில மாதங்களுக்கு முன்பு அக்கா ஒரு வழக்கத்தைத் தொடங்கினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார். பத்து நிமிடம். கல்லூரிக்குப் போகும் மகனிடம் சொல்லிவிட்டார்: “பால் அடுப்புல இருக்கு. பாத்துக்க.”

முதல் வெள்ளிக்கிழமை பால் பொங்கி வழிந்தது. அடுப்பு அணையும் சத்தம் அவருக்குக் கேட்டது, தீய்ந்த வாசனையும் கதவிடுக்கு வழியாக வந்தது. அவர் எழுந்திருக்கவில்லை. மகன்தான் அடுப்பைத் துடைத்திருக்கிறான், சுமாராக.

“அந்தப் பத்து நிமிஷம் சாமி நெனப்பு வந்துச்சாக்கா?” என்று கேட்டேன்.

“எங்க வந்துச்சு? பால் நெனப்புதான். அடுத்த வாரம் பாப்போம்” என்றார்.